மாட்டுக்குத் தமிழ் வாத்தியார்

நான் கொஞ்ச காலம் இரண்டு காளைகளுக்குத் தமிழ் வாத்தியாராக இருந்திருக்கிறேன். வெளியில் சொல்லிக்கொள்ளக்கூடிய உத்தியோகம் இல்லை. ஆனாலும் இந்த மலாய்ச் சீமையில் தேக்காப் பக்கம் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன். குதிரைப் பந்தயத் திடலின் ஓரம், பொழுது புலரும் நேரம். நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதன், தலையில் தொப்பியும் மடியில் வெல்லக்கட்டியுமாக, மாட்டின் காதருகே குனிந்து, "நில்லுன்னா நிக்கணும். எங்க, நில்லு பாப்போம்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான். பந்தயக் குதிரையைப் பழக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து, குதிரையோடு சேர்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். குதிரைதான் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது.

எருமைக் கொட்டடிகளுக்கு எதிரே எனக்குக் கடை. புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் வியாபாரம். தெருவில் இருந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் என் வாடிக்கை. அவர்கள் போவது கோயிலுக்கு, நான் போவது பள்ளிவாசலுக்கு, மாட்டின் வயிறு மட்டும் எங்களுக்குப் பொது. சிரிக்கச் சிரிக்கப் பேசினால் கடைக்கு ஆள் வரும் என்று ஆரம்பத்தில் தொழிலுக்காகப் பழகினேன். பிறகு அது வியாதியாகிவிட்டது. இழவு வீட்டில்கூட நான் வாயைத் திறந்தால் நாலு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

என் வீட்டுக்காரி இந்த ஊரிலேயே பிறந்தவள். என்னைக் கொஞ்சுவது தமிழில், திட்டுவது மலாயில். ஆகையால் எனக்கு மலாய் நன்றாக வரும்.

எங்கள் தெருவில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தவர்கள், இங்கேயே பிறந்தவர்கள். இந்த வித்தியாசம் கல்யாணத்துக்குப் பெண் தேடும்போது மட்டும் கொஞ்சம் தலைதூக்கும், பந்தியில் உட்கார்ந்ததும் அடங்கிவிடும். கப்பலில் வந்தவர்களில் மூத்தவர் தண்டல். எந்த வண்டி எந்த வேலைக்கு, யாருக்கு அடுத்து யார் என்று முறை பிரித்துக் கொடுப்பவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். இங்கே பிறந்தவர்களுக்குப் பெரிய மனிதர், தெருக்கோடியில் சக்கரப் பட்டறை வைத்திருந்தவர். தண்டலுடைய வண்டிக்குச் சக்கரம் செய்து கொடுத்தவரும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவிட்டவர்கள்.

இதற்கு நடுவில் ஒரு வண்டிக்காரர். கப்பலில் வந்தவர்தான். அதிகம் பேசமாட்டார். ஆனால் சிரிப்புக்கு மகா பலவீனமானவர். நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே அவருக்குத் தோள் குலுங்கும், சத்தம் வராது, கண்ணில் தண்ணீர் வரும். என்னைப் போன்றவனுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது வரம். அவர் கேலாங் பக்கத்தில் ஜாவாக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்ற ஜோடியை வாங்கி வந்தார். இருந்த கிழட்டு மாடுகளும் பெண்சாதியின் வளையலும் அதற்குப் போயின. சாம்பல் நிற ஜோடி. வலது மாட்டுக்கு நெற்றியில் வெள்ளை. கயிறு இழுக்க வேண்டாம், வாலை முறுக்க வேண்டாம், சொன்னால் போதும். ஆனால் மலாயில் சொல்ல வேண்டும். ஜாலான் என்றால் நடக்கும், பெரந்தி என்றால் நிற்கும். ஜாவாக்காரர் அப்படிப் பழக்கியிருந்தார்.

"மாப்பிள்ளை மாடு மாதிரியில்ல நடக்குது" என்று தெருவே சொன்னது. தண்டலும் சொன்னார்.

பிறகு மாட்டுப் பொங்கல் வந்தது. எங்கள் தெருவில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. குளிப்பாட்டிக் கொம்பில் வர்ணம் பூசிய ஜோடிகளை மேளத்தோடு தெருமுனைக் கோயிலுக்கு ஓட்டி வருவார்கள். சாமிக்கு நேரே வந்ததும் வண்டிக்காரன் கயிற்றை விட்டுவிட வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மாடு நிற்க வேண்டும். நின்றால் அந்த வருஷம் அந்த வண்டிக்குக் குறையில்லை என்று நம்பிக்கை. தண்டல் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். நானும் வருஷா வருஷம் எதிர்ப்புறம் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

அந்த வருஷம் மற்றவர்கள் மாடெல்லாம் இரண்டு அடி தள்ளி நின்றது, ஒன்று நிற்காமலே போயிற்று. நம் வண்டிக்காரர் கயிற்றை விட்டார். "பெரந்தி" என்றார். ஜோடி செதுக்கி வைத்த மாதிரி நின்றது.

தண்டலின் கையில் மாலை அப்படியே இருந்தது.

"என்னப்பா சொன்னே இப்ப?"

"நிக்கச் சொன்னேண்ணே."

"எந்தப் பாஷையில?"

"அதுக்குத் தெரிஞ்ச பாஷையிலதாண்ணே."

"சாமி முன்னாடி மலாயில பேசறியா நீ? தமிழ்ல ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு நாக்கு கூசுதா?"

"மாட்டுக்குப் புரியாதுல்லண்ணே."

சக்கரப் பட்டறைக்காரர் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தார். "விடுங்க தண்டல். சாமியும் இந்த ஊருக்கு வந்து எத்தன வருசம் ஆச்சு. அதுக்கு மட்டும் மலாய் தெரியாமயா இருக்கும்."

இங்கே பிறந்தவர்கள் சிரித்தார்கள். கப்பலில் வந்தவர்கள் சிரிக்கவில்லை. நான் எதிர்ப்புறத்திலிருந்து மற்ற எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன். தண்டல் மாலையைப் பக்கத்து வண்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு, "தமிழ் கேக்காத மாடு என் முறையில நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். மறுநாளே பட்டறைக்காரர் தம் ஆட்களைக் கூப்பிட்டு, இனிமேல் நம் வண்டியெல்லாம் மலாயில்தான் ஓடும் என்று சொல்லிவிட்டார். பிறந்ததிலிருந்து 'ஹை', 'ஹோ' என்று தமிழ் வாயையே கேட்டு வளர்ந்த மாடுகளுக்குத் திடீரென்று மலாய். சிராங்கூன் ரோட்டில் தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டி நின்றுவிட்டது. பின்னால் டிராம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, அது வந்த புதுசு, எல்லாருக்கும் அதன் மேல் பயம். வண்டிக்காரர் "ஜாலான், ஜாலான்" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சுகிறார். மாடு அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சாணி போட்டது. அந்த வழக்கில் நான் கேட்ட கருத்துகளிலேயே அதுதான் தெளிவானது.

சண்டை வீட்டுக்குள்ளும் போயிற்று. தெருக்குழாயில் இந்தக் கட்சிப் பெண்கள் பிடித்த பிறகு அந்தக் கட்சிப் பெண்கள் குழாயைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குடம் வைத்தார்கள். ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது. பையனின் அப்பா பேச்சுவாக்கில் 'மாக்கான்' என்று சாப்பாட்டைச் சொல்லிவிட்டாராம். அதற்கு முன் முப்பது வருஷமாக எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், தண்டல் உட்பட. என் கடையில் ஒருவர் மலாயில் தவிடு கேட்பார். பின்னால் நிற்பவர், "பாய், அவனுக்குப் பதில் சொன்னீங்கன்னா நான் வேற கடைக்குப் போயிருவேன்" என்பார். நான் இரண்டு கட்சியிடமும் ஊமை மாதிரி கையைக் காலை ஆட்டி வியாபாரம் செய்தேன். இந்தக் கடை இவ்வளவு நிம்மதியாக இருந்ததே இல்லை என்றாள் வீட்டுக்காரி.

இப்போது தமாஷாக எழுதுகிறேனே தவிர, அந்த நாட்களில் கடை வாசலில் உட்கார எனக்குக் குமட்டலாக இருந்தது. எதிரே எருமைகள் சேற்றில் புரண்டுகொண்டிருக்கும். அந்த நாற்றத்தில் இருபது வருஷம் சோறு தின்றவன் நான். வெயில் தாங்காமல் அவை புரளுகின்றன, சாயங்காலம் எழுந்து போய்விடுகின்றன. இந்தப் பக்கம், நேற்றுவரை ஒருவன் பிள்ளையை இன்னொருவன் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த ஆட்கள், ஒருவர் வாயிலிருந்து எந்தச் சொல் விழும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகம் குப்பையைப் பார்ப்பதுபோல.

இரண்டு கட்சியும் அந்த வண்டிக்காரரை மறந்துவிட்டது. அவர் கப்பலில் வந்தவர், ஆகவே பட்டறைக்காரருக்கு அவர் ஆள் இல்லை. அவருடைய மாடு மலாய் மாடு, ஆகவே தண்டலுக்கும் ஆகாது. அந்தச் சமயம், வண்ணார்கள் துணி துவைக்கும் டோபி காட்டுக்கு மேலே குன்றில் ஒரு பழைய பங்களாவை இடித்து, கல்லையும் செங்கல்லையும் கீழே இறக்கும் பெரிய வேலை வந்திருந்தது. தெரு வண்டிகளெல்லாம், தண்டல் முறையில் பாதியும் பட்டறைக்காரர் பிரித்த தனி முறையில் பாதியுமாக, அதற்குத்தான் போயின. அவருக்கு மட்டும் முறை இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்து தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"வேல இல்லாத மாடும் திங்கத்தான செய்யுது பாய்."

"மனுசனும் அப்படித்தானே. நான் இல்லையா."

தோள் குலுங்கவில்லை. "இப்படியே போனா ஜோடிய வித்துட்டு நான் ரோட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான். வேற வழி தெரியல."

அவர் சிரிக்காதது எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதனால்தான் அந்த வார்த்தை வந்தது. "விக்கிறதாவது. கொண்டா இங்க. ஒரு வாரத்துல தேவாரம் பாட வைக்கிறேன், இல்லன்னா எம் பேரு மாத்தி வை."

சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்கே தேவாரம் தெரியாதே பாய்" என்றார்.

ஆக, பந்தயத் திடலில் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. அவர் வெறும் வண்டியைப் பூட்டி ஓட்டி வருவார். நான் முன்னால் போய் நின்று, "நில்லு" என்பேன். நின்றால் வெல்லம். நிற்காவிட்டாலும் இரக்கப்பட்டு வெல்லம். சீக்கிரத்திலேயே இரண்டும் பிரமாதமாக நின்றன. என் எதிரே, என் மடிக்கு நேரே வந்து மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. நான் 'நில்லு' என்றாலும் நின்றன, தும்மினாலும் நின்றன. அவை தமிழ் படிக்கவில்லை, என் மடியைப் படித்தன. இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன், ஏனென்றால் திடலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.

மாடு தமிழ் படித்துவிட்டது என்ற செய்தி போய், தண்டல் சோதனைக்கு வந்தார். இரண்டு கட்சியும் வந்தது. நான் முன்னால் போய் மடியில் கைவைத்து நின்றேன். வண்டிக்காரர் "நில்லு" என்றார். ஜோடி என் எதிரே வந்து நின்றது. கப்பல் கட்சி கைதட்டியது. பட்டறைக்காரர், "பாய் கைக்குள்ள என்னமோ இருக்கு" என்றார். "கைக்குள்ள தமிழ் இருக்கு" என்றேன். பலத்த சிரிப்பு. மாடு வாங்கி விற்கிற இடத்தில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது. தண்டல் அதை நம்பினார்.

"சரி. நாளையிலேருந்து முறை உண்டு. ஆனா வண்டிமேல ஏறினா தமிழ்தான். ஒரு சொல்லு மலாய் காதுல விழுந்துச்சு, அன்னியோட சரி."

கூட்டம் கலைந்ததும் வண்டிக்காரர் என் பக்கத்தில் வந்தார். "பாய், வெல்லம் இல்லாம நிக்குமா?"

"நிக்கும் நிக்கும். பழகிடும். வாத்தியார் வந்து நின்னாத்தான் பரீட்ச எழுதுவேன்னு எந்தப் பிள்ளையாவது சொல்லுமா?"

தோள் குலுங்கியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

குன்றிலிருந்து இறங்கும் வழியில் பாதியில் ஒரு வளைவு உண்டு. பாரவண்டியை அங்கே நிறுத்தி, சக்கரத்துக்குக் கீழே கட்டை கொடுத்து, மாட்டுக்கு மூச்சு வாங்க விட்டுப் பிறகுதான் இறக்குவார்கள். வண்டிக்காரர் முதலில் சாமர்த்தியமாகத்தான் சமாளித்தார். வாயைத் திறந்து 'நில்லு' என்று ஊருக்குக் கேட்கச் சொல்வார், குனிந்து பல்லுக்குள் மலாயில் சொல்வார். மாடு நிற்கும். யாரோ கண்டுபிடித்துத் தண்டலிடம் சொன்னார்கள். தண்டல் தம் மச்சானை அந்த வளைவில் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே உட்கார வைத்தார். அந்த மச்சான் பொய் சொல்லிவிடக் கூடாதே என்று பட்டறைக்காரரும் தம் ஆள் ஒருவரை உட்கார வைத்தார். இரண்டு வாட்டசாட்டமான ஆண்கள், வேலைவெட்டியை விட்டுவிட்டு, மரத்தடியில் ஒரே புகையிலையைப் பங்குபோட்டு மென்றுகொண்டு, ஒரு மனிதன் மாட்டிடம் என்ன சொல்கிறான் என்று ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தே நிறுத்திவந்தார். மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் நான் என் மாணவர்களைப் பார்க்கப் போனேன். வேறு காரணம் இல்லை. வளைவில் நாலு பேர் நிற்பார்கள், 'வாத்தியார் வந்துட்டாரு' என்பார்கள், அந்த ஆசை. சொன்னார்கள். நானும் சலாம் போட்டேன். அப்போது மேலேயிருந்து அவர் வண்டி இறங்கி வந்தது. கல் பாரம். செம்மண் வழுக்கிக்கொண்டிருந்தது. மாடுகள் என்னைப் பார்த்துக் காதை நிமிர்த்தின.

வளைவுக்கு முன்னாலேயே அவர், "ஹோ, நில்லு" என்றார். மாடுகள் நிற்கவில்லை. கயிற்றை இழுத்தார். பாரம் தள்ளியது. மறுபடி "நில்லு, நில்லு". மச்சான் மரத்தடியிலிருந்து எழுந்து காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டான். அவர் மச்சானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சொல்லப் போவதில்லை. மச்சானைப் பார்க்கவும் என்னைப் பார்க்கவும் எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவுதான் தாமதம். அதற்குள் வண்டிக்கு வேகம் வந்துவிட்டது. அதன் பிறகு "பெரந்தி" என்று கத்தினார்.

ஜோடி நின்றது. சொன்ன சொல்லுக்கு, பொங்கலன்று நின்ற மாதிரியே நின்றது. பின்னாலிருந்து வந்த பாரம் நிற்கவில்லை.

வெள்ளை நெற்றி மாடு முன்னங்காலை மடித்துக்கொண்டு விழுந்தது. கால் மடங்கிய விதம் சரியாக இல்லை. வண்டி அதன்மேல் சாய்ந்து நின்றது. இன்னொரு மாடு நுகத்தில் கழுத்து முறுக்கிக்கொண்டு திணறியது. வண்டிக்காரர் உருண்டு போய் எழுந்து ஓடி வந்து, "யாராவது நுகத்தக் கழட்டுங்க" என்றார்.

யாரும் கழற்றவில்லை. மச்சான் பட்டறை ஆளைப் பார்த்து, "பாத்தியா, மலாயில சொன்னதாலதான் திடீர்னு நின்னுச்சு" என்றான்.

"மொதல்லயே மலாயில சொல்லியிருந்தா ஒழுங்கா நின்னுருக்கும்."

"தமிழ்ல இன்னொரு வாட்டி சொல்லியிருக்கணும்."

"சொன்னான், சொன்னான், கிழிச்சுது."

மேலே முறைக்கு நின்றிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உதவத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். வந்தவர்கள் பாதிப் பாதியாகப் பிரிந்து பேச்சில் சேர்ந்துகொண்டார்கள். தண்டலும் வந்தார். கீழே மாடு மூச்சில் நுரை தள்ளிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் குனிந்து, அதன் கொம்புக்கு மேலாக ஒருவரை ஒருவர் விரல் நீட்டிப் பேசுகிறார்கள். ஒருவர் அதன் வாலை மிதித்துக்கொண்டு நின்று பேசினார், தெரியாமல்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்கலாம். நுகத்தின் முளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. பிறகு மடியில் இருந்த வெல்லத்தை எடுத்து அந்த மாட்டின் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தேன். நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

பங்களா இடித்துக்கொண்டிருந்த சீனக் கூலிகள் இறங்கி வந்தார்கள். ஒருவரை ஒருவர் ஏதோ அதட்டிக்கொண்டு, மூங்கிலைக் கொடுத்து வண்டியைத் தூக்கி, நுகத்தைத் தட்டிக் கழற்றி, எங்களை ஒதுங்கச் சொல்லிக் கையை வீசினார்கள். ஒதுங்கினோம். ஒதுங்கி நின்று பேச்சைத் தொடர்ந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்த மாடு இல்லாமல் போயிற்று.

இதற்குப் பிறகாவது வெட்கம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அந்த விபத்தே இரண்டு கட்சிக்கும் சாட்சியாகிவிட்டது. கோயிலுக்கு இரண்டு கமிட்டி ஆயிற்று. அடுத்த வருஷம் ஒரே தெருவில் இரண்டு மாட்டுப் பொங்கல், ஒரு மேளம் ஓய்வதற்குள் இன்னொன்று. இரண்டு பக்கமும் வண்டிக்காரரைத் தங்கள் கூட்டத்தில் வந்து நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சால்வை போடுவதாகக்கூடச் சொன்னார்கள். மாடு வாங்கித் தருவதாக யாரும் சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கமும் போகவில்லை. மிஞ்சிய ஒற்றை மாட்டை ஒரு சீனத் தோட்டக்காரருக்கு விற்றுவிட்டு ரோட்டுக்குக் கல் உடைக்கப் போனார். அந்த மாட்டை ஒரு நாள் வழியில் பார்த்தேன். கீரை ஏற்றிய வண்டியில், ஹொக்கியன் சீனம் கேட்டு ஜோராக நடந்துகொண்டிருந்தது. அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை.

எனக்கு அவர் வீட்டுக்குப் போகத் துணிச்சல் வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. போனபோது வாசலில் உட்கார்ந்து கையில் இருந்த கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. பழக்கம் முந்திக்கொண்டது.

"தண்டல் வீட்டுப் பூனைக்குக் கொடுமையப்பா. மியாவ்ங்கறது எந்தப் பாஷைன்னு தெரியாம வாயையே தொறக்கறதில்லையாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்புத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உக்காருங்க பாய்" என்றார். எனக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. உட்கார்ந்து இன்னும் இரண்டு சொன்னேன். இரண்டுக்கும் சிரித்தார்.

கிளம்பும்போது அவர் பெண்சாதி தெருமுனை வரைக்கும் என் பின்னாலேயே வந்தாள். அதற்கு முன் அவள் என்னோடு நேரே பேசியதே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"அவரு ஒங்க மேல கோவப்படணும் பாய். நீங்க வந்தா சிரிச்சிடுறாரு. இனிமே வராதீங்க."